கண்ணில் மருந்து விட்ட புதன்கிழமை

அம்மா முதல்முறையாகத் திருவனந்தபுரம் மியூசியத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதை இன்றும் சிரித்துக்கொண்டேதான் சொல்வோம்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. ஸ்டாச்சூ ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் நான் வேலை பார்த்தேன். அந்த வட்டாரத்தில் தமிழ் டைப்பிங் தெரிந்தவர்கள் குறைவு. ஸ்ரீவராகத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகைகள் முதல் கோயில் விசேஷ நோட்டீஸ் வரை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். தங்கியிருந்தது வழுதக்காட்டில் ஒரு பெண்கள் விடுதியில். விடுதி, கடை, ஊருக்குப் போக தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. இந்த மூன்றுக்கும் நடுவில் இரண்டு வருடம் நடந்திருந்தேன். மற்றபடி அந்த நகரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறது என்று யாரும் சொன்னதும் இல்லை. தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் கோவளம் பஸ் எது, கன்னியாகுமரி பஸ் எது என்றுதான் கேட்பார்கள். அங்கே இறங்குவதே வேறு எங்கோ போவதற்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் போனக்காடு மலையில், தேயிலைத் தோட்டத்தில். அம்மாவுக்கு அந்த வருடம் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று விரல் சொன்னதே தவிர கண் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்க என் தங்கையைக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். தனியாக வர மாட்டாள். துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தி எங்கள் லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டு அத்தை. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாள், சிரித்தால் இரண்டும் மின்னும். இன்னொருத்தி மேல் லயத்துச் சித்தி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பஸ்ஸில் மேல் கம்பி அவள் நெற்றியில் இடிக்கும். இரண்டு பேருமே சொந்தமில்லை. ஆனால் அம்மாவோடு இருபது வருடம் ஒரே வரிசையில் கொழுந்து கிள்ளியவர்கள்.

அன்று புதன்கிழமை. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, நெடுமங்காடு வழியாக ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் லீவு போட்டிருந்தேன். கண் ஆஸ்பத்திரியில் அம்மாவின் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில் உட்கார வைத்து, மறுபடி விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். "கண்ணாடி போட்டா மதி, அது போதும், வேற பிரச்சனை ஒண்ணும் இல்ல" என்று எனக்காகப் பாதித் தமிழில் சொன்னாள். மருந்தின் வேகம் அடங்க நாலைந்து மணி நேரமாகும், அதுவரை எல்லாம் கலங்கித்தான் தெரியும், வெயிலைப் பார்க்கக் கூடாது என்றாள்.

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று. மலைக்குப் போகும் பஸ் சாயங்காலம்தான். அம்மா கண்ணைத் திறக்க முடியாமல் நின்றாள். நடைபாதைக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டேன். கைத்தறிச் சேலை, இடுப்பில் சுருக்குப் பை, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. மூக்குத்தி அத்தை அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மைனி, சினிமாக்காரி தோத்தா போ."

"சிரிக்காதட்டி. எனக்கு உன் மூக்குத்தி மட்டும்தான் தெரியுது, மூஞ்சி தெரியல" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு வருஷமா இங்க இருக்கியே மக்களே, இந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு? எங்களையும் கொண்டு காட்டு."

ஊருக்குப் போகும் பஸ்ஸிலிருந்து மியூசியம் கேட்டைப் பார்த்திருக்கிறேன். உள்ளே மிருகக்காட்சி சாலையும் இருக்கிறது என்று விடுதிப் பெண்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். ஏதோ எல்லாம் தெரிந்தவள்போல, "வாங்க, மியூசியத்துக்குப் போவோம்" என்றேன்.

போன பிறகுதான் புதன்கிழமை மியூசியம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்று தெரிந்தது. வாசலில் போர்டு இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சித்தி, "மிருகங்களப் பாப்போம், அதுக்குள்ள தொறந்துருவாங்க" என்றாள். டிக்கெட் எடுத்து உள்ளே போனோம்.

மலையில் இருந்து வந்தவர்களுக்கு மிருகக்காட்சி சாலை காட்டுவது எவ்வளவு பெரிய தப்பு என்று பத்து நிமிஷத்தில் புரிந்தது. மற்ற எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காட்டெருமையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் நிற்கவே இல்லை.

"இதப் பாக்கவா மூணு மணிக்கூர் பஸ்ஸில குலுங்கி வந்தோம்? நேத்து ராத்திரி இதுக்க அண்ணன்காரன் நம்ம பைப்படில நின்னான்" என்றாள் சித்தி.

சிங்கவால் குரங்கைப் பார்த்ததும் அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் வீட்டு ஓட்டைப் பிரித்துப் பருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன குரங்கின் சாயல் அதற்கு இருந்ததாம். கூண்டுக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை நன்றாகத் திட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் குரங்கை விட்டுவிட்டு இவளைப் பார்க்க ஆரம்பித்தது. நான் இழுத்துக்கொண்டு நடந்தேன்.

நீர்யானைதான் என் மானத்தைக் காப்பாற்றியது. குளத்தில் பச்சைத் தண்ணீருக்கு மேலே ஒரு பாறை மாதிரி கிடந்தது. "ஒண்ணும் இல்லியே" என்று சித்தி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பாறை வாயைத் திறந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் "யம்மோ!" என்றார்கள். அம்மா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, மறுபடி மாட்டினாள்.

"எட்டி, இது எனக்கே தெரியுது!"

அங்கேயிருந்து அவர்களைக் கிளப்ப அரை மணி நேரமானது. நீர்யானை ஒவ்வொரு முறை முங்கும்போதும் இன்னொரு தடவை வாயைத் திறக்கட்டும், போய்விடலாம் என்பார்கள். அது திறக்கும். மறுபடி அதையே சொல்வார்கள்.

கொண்டுவந்த அவித்த கப்பைக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் மரத்தடியில் சாப்பிட்டு முடித்தபோது மியூசியம் திறந்துவிட்டது. சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாகக் கோலம் போட்ட மாதிரி செங்கல் சுவர், கூர் கூராக ஓட்டுக் கூரை, ஓரங்களில் செதுக்கிய மரம். அதற்கு முன்னால் நான் உண்மையிலேயே நின்றது அன்றுதான். உள்ளே காலை வைத்ததும் குளிர்ச்சி. மின்விசிறி எதுவும் ஓடவில்லை. "நம்ம ஊர்க் காத்து மாதிரி இருக்கே" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். வெண்கலச் சிலைகள், தந்த வேலைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் நகைகள் எல்லாம் அவளுக்கு மஞ்சளும் வெள்ளையுமான மூட்டம்.

நடுவில் ஒரு பழைய மரத்தேர் இருந்தது. அதன் அடித்தட்டு முழுக்க உருவங்கள். நான் அத்தையோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா இரண்டு கையையும் நீட்டி அந்தச் செதுக்கலைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

"அய்யோ, தொடாம்பாடில்லா அம்மச்சீ!" என்று, தொடக் கூடாது எனக் கையாட்டிக்கொண்டே காவலாளி ஓடி வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை.

நான் பதறிப்போய் மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, அவளுக்கு எதுவும் தெரியவில்லை, சாயங்காலம் மலைக்குத் திரும்ப வேண்டும். அவர் அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கண்ணு காணாண்டு மியூசியம் காணான் வந்நதா?" கண் தெரியாமல் மியூசியம் பார்க்கவா வந்தீர்கள் என்றுதான் கேட்டார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்துவிட்டது. அவர் கையைக் காட்டி எங்களை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அங்கே சுவரோரம் கருங்கல் சிலைகள் சில நின்றன. மழையும் வெயிலும் பார்த்த கல், ஒன்றும் ஆகாது, இதைத் தொட்டுக்கொள்ளுங்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, யாரும் வருகிறார்களா என்று பார்க்கிறவர்போலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கால் பெருவிரலில் இருந்து ஆரம்பித்தாள். கொழுந்து கிள்ளுகிற விரல்கள். கல்லின் மேல் அவை போன வேகத்தைப் பார்த்தபோது எனக்குத் தேயிலைச் செடிதான் ஞாபகம் வந்தது.

"கொலுசு போட்டிருக்கா. பொம்பள. இடுப்புல மூணு சுத்து. இந்தக் கையில என்னவோ வச்சிருக்கா... பூவா? இல்ல, கிளி! மூக்கு வளைஞ்சிருக்கு பாரு."

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கிளிதான். தேய்ந்து போயிருந்ததால் எங்கள் கண்ணுக்கு அது வெறும் புடைப்பாகத்தான் தெரிந்திருந்தது. காவலாளியும் வந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருடமாகத் தினமும் இதைத் தாண்டிப் போகிறேன், கிளி இருப்பது இன்றுதான் தெரியும் என்றார். அம்மாவுக்கு அன்று வந்த பெருமை, அவள் வாழ்நாளில் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து அதே வளாகத்தில் இருக்கும் ஓவியக்கூடம். அங்கே தொடவும் முடியாது, அவளால் பார்க்கவும் முடியாது. ஆகவே மற்ற இருவரும் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு ஆளுயர ஓவியத்தில் நகை போட்ட பெண் ஒருத்தி தூணில் சாய்ந்து நின்றாள். எங்கேயோ தூரத்தைப் பார்க்கிறாள்.

"புருஷனுக்குக் காத்து நிக்கா மைனி. ஆளு வேலைக்குப் போயிட்டு வரல" என்றாள் அத்தை.

"சும்மா இரி. மாமியாக்காரி படியிறங்கிட்டாளான்னு பாக்கா. மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றாள் சித்தி.

"சேல என்ன கலரு?"

"மாம்பழ மஞ்ச."

"மஞ்சளா இது? காவிக் கலரு மைனி. இவளுக்கும் கண்ணுல மருந்து விடணும்."

சண்டை வலுத்தது. நடுவில் உட்கார்ந்து அம்மா தீர்ப்புச் சொன்னாள். இரண்டு கல்லூரிப் பெண்கள் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் வந்து, இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாமியார் கதையைச் சொன்னேன். அவர் படத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு, உயரமானவர் சொல்வதுதான் சரி என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது சித்தி இன்னும் ஓரங்குலம் உயர்ந்தாள். அத்தை பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை கண்ணாடி வாங்க அம்மா வந்தாள். இந்த முறை தனியாக. கடைக்காரர் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒரு அட்டையை நீட்டினார். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சின்ன எழுத்து வரை படித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன மக்களே, இப்படி மெலிஞ்சு போயிருக்க?" என்றாள். கடைக்காரர் சிரித்தார்.

சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன். மியூசியத்துக்குப் போக வேண்டும் என்றாள். சிலைகளைத் தேடுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே ஓவியக்கூடத்துக்குப் போய், அந்தத் தூணில் சாய்ந்த பெண்ணுக்கு முன்னால் நின்றாள். முதலில் தூர நின்று பார்த்தாள். பிறகு கிட்டப் போய்க் கழுத்து நகை, சேலை மடிப்பு, பாதம் என்று கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டு பேரும் பொய்யாக்கும் சொல்லிருக்காளுவ" என்றாள் கடைசியில். "இவ புருஷனுக்கும் காத்து நிக்கல, மாமியாளையும் பாக்கல. காலு வலிச்சு சாஞ்சு நிக்கா. எடத்துக் காலு மேல பாரத்தப் போட்டு நிக்கது பாரு. கொழுந்து நிறுவைக்குப் போட்டுட்டு நானும் இப்படித்தான் நிப்பேன்."

நான் பார்த்தேன். இடது காலில்தான் உடம்பின் கனம் முழுக்க இருந்தது. இத்தனை பட்டும் பொன்னும் பூட்டிய அந்தப் பெண்ணுக்குக் கால் வலிக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மாவை அப்படி நிற்க நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு படம் என்று தோன்றியதில்லை. நான் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அதற்குள் சந்தோஷமாக அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் உண்டாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் இறங்கி வருவார்கள். நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்து, ஒரு இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து வைப்பேன். இப்படித்தான் அந்த ஊரை நானே கற்றேன். கிழக்கே கோட்டை என்ற பகுதியில், கோயில் குளத்துக்கு எதிரே பழைய மணிக்கூண்டு ஒன்று உண்டு. தாடிக்கார முகம் ஒன்று மேலே இருக்கும். மணி அடிக்கும்போது அது வாயைத் திறக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். பதினொரு மணிக்குப் பதினொரு முட்டு பார்த்தோம். சித்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பன்னிரண்டுக்கு ஒரு முட்டு கூடக் கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் குளத்துப் படியில் காத்திருந்து அதையும் பார்த்தோம்.

பக்கத்திலேயே குதிரை மாளிகை. கூரைக்கு அடியில் வரிசையாக மரக் குதிரைகள். அரண்மனையைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி ராஜாக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மூக்குத்தி அத்தை ராஜாக்களைக் கவனிக்கவில்லை. தூணையும் கூரையையும் பார்த்துக்கொண்டு, "இது தேக்கு. இது ஈட்டி. இந்தா, இது அயினி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வழிகாட்டி நின்றுவிட்டார். ஒரு கதவைக் காட்டி இது என்ன என்று சோதித்தார். அத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. "பலா" என்றாள். அவர் மற்ற கூட்டத்தைப் பார்த்து, "சரியாணு, கேட்டோ" என்றார். அதற்குப் பிறகு அறைக்கு அறை ராஜா கதையை அவர் முடித்ததும் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல முடியாது. கோளரங்கத்தில் விளக்கை அணைத்து மேலே நட்சத்திரங்களைக் காட்டியபோது, எங்கள் லயத்துக்கு மேலே இதைவிட நிறைய இருக்கிறது என்று மூவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சாய்ந்த நாற்காலி மட்டும் பிரமாதம் என்றாள் அம்மா. அதில் நன்றாகத் தூங்கினாள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஓணம் வாரத்தில் ஒரு நாள் கடைக்கு ஃபோன் வந்தது. அம்மா மலையடிவாரத்து விதுரையில் ஒரு பூத்திலிருந்து பேசினாள். நாளைக்கு மியூசியத்துக்கு வருகிறோம், லீவு போடு என்றாள். எத்தனை பேர் என்று கேட்டேன். லைன் சரியில்லை. மறுநாள் மியூசியம் கேட்டில் இரண்டு ஜீப் வந்து நின்றது. உள்ளேயிருந்து பெண்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினேழு பேர். எங்கள் லயத்திலும் மேல் லயத்திலும் உள்ள பாதிப் பெண்கள். எல்லோரும் பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலை. கண்ணாடியும் கையில் ஒரு குடையுமாக முன்னால் அம்மா.

நான் வழி காட்டலாம் என்று முன்னே போனேன். அம்மா குடையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினாள். "நீ பின்னால வா மக்களே. யாராவது நின்னு போனா கூட்டிட்டு வா."

அன்று முழுக்க நான் கடைசியில்தான் நடந்தேன். அவள் பேச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீர்யானையை எப்போது பார்க்க வேண்டும், குரங்கைத் திட்டக் கூடாது, தேரைத் தொடக் கூடாது, சிலையை எங்கே தொடலாம். வராந்தாவில் பதினேழு பேரும் வரிசையாக வந்து கல் பெண்ணின் கையில் கிளியைத் தடவிப் பார்த்தார்கள். அந்த நரைத்த மீசைக்காரர் ரிட்டையர் ஆகிவிட்டிருந்தார். புதிதாக இருந்த பெண் காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடைசியில் அவளும் வந்து தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் தோட்டம் முழுக்க ஓணக் கூட்டம். மரங்களில் சீரியல் பல்பு எரிய ஆரம்பித்திருந்தது. புல்வெளி நடுவில், எட்டுப் பக்கமும் திறந்த பழைய மண்டபத்தில் பேண்டுக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் நின்று வாசித்தார்கள். எங்கள் பெண்கள் புல்லில், கொண்டுவந்த பழைய சேலைகளை விரித்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். புளிச்சோற்று மணம் கிளம்பியது. இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது.

புல்வெளியில் இருந்தவர்கள் எல்லாம் மரத்தடிக்கு ஓடினார்கள். அம்மா குடையை நீட்டி, "மேல ஏறுங்கட்டி!" என்று மண்டபத்தைக் காட்டினாள். பதினேழு பேரும் டிபன் பாக்ஸோடு படியேறினார்கள். எல்லோருக்கும் பின்னால் நானும் ஏறினேன். பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே ஒருவர் பின்னால் நகர்ந்தார். பெரிய டிரம்மை ஒருவர் காலால் தள்ளி மூக்குத்தி அத்தைக்கு இடம் விட்டார். அத்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கணம் கேட்டுவிட்டு, டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட ஆரம்பித்தாள். பேண்ட் மாஸ்டர் குச்சியை ஆட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். தலையசைத்தார். அடுத்த பாட்டை அவள் தாளத்துக்கே எடுத்தார்.